நுரை பூசிய மாடி

நைனார்பாளையம்,
12.03.2023

மகன் வெற்றிவேலுக்கு அப்பா எழுதிக்கொண்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் கேட்கச் சொன்னாள் உன் அம்மா. கேட்டுவிட்டேன்.

போனில் நீ பேசுவது எனக்குக் கேட்பதில்லை. உன் தங்கை சந்தியா பக்கத்தில் நின்று காதுக்குள் கத்திச் சொல்கிறாள். அதில் பாதி நீ சொன்னது, பாதி அவளாகச் சேர்த்தது. எது எவருடையது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. கள்ளக்குறிச்சியில் வாங்கிய காது மிஷினை மாட்டினால் விசில் மட்டும்தான் கேட்கிறது. அதனால் இனிமேல் நாம் எழுதிக்கொள்வோம். எழுத்துக்குக் காது வேண்டாம்.

வாதம் வந்த பிறகு அம்மாவுக்கு இடது கையும் காலும் இன்னும் வரவில்லை. கட்டிலை விட்டு இறங்க முடியாது. அதைக்கூடப் பழகிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது சூடுதான். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு நீ அனுப்பியதில் தளம் போட்டுக் கட்டினோம். பார்க்கிறவர்கள் நல்ல வீடு என்கிறார்கள். பகல் ஏறிவிட்டால் அந்தத் தளம் தோசைக்கல் மாதிரி ஆகிவிடுகிறது. ஃபேன் போட்டால் அனலை அள்ளிக் கீழே கொட்டுகிறது. அவள் முதுகில் புண் வைத்திருக்கிறது. வேர்வை பட்டு எரிகிறது. உன் அம்மா கண்ணகி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறேன். டாக்டர், மருந்து இருக்கட்டும், முதலில் அறையின் சூட்டைக் குறையுங்கள் என்றார்.

நீ அந்த ஊரில் மொட்டைமாடிகளில் சூடு இறங்காமல் செய்கிற வேலையில்தானே இருக்கிறாய். நம் மாடிக்கு என்ன போடலாம் என்று விவரமாக எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா கொ. கொளஞ்சியப்பன்


மஸ்கட்,
04.04.2023

அப்பாவுக்கு வெற்றிவேலின் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கச் சந்தியாவுக்கு நீங்களும் ஒரு கை கொடுங்கள்.

காங்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் வீட்டுக்குள் விடும். வெயில் அதன்மேல் படாமல் செய்ய வேண்டும், அல்லது பட்ட சூடு இறங்காமல் நடுவில் ஒன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் தொழில்.

முதலில், உடனே செய்யக் கூடியது. மாடியைக் கழுவிவிட்டு, சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து இரண்டு கை வெள்ளை அடியுங்கள். வெள்ளை வெயிலைத் திருப்பிவிடும். அதன்மேல் கழி நட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டால் இன்னும் நல்லது. மழை வந்தால் சுண்ணாம்பு போய்விடும். அடுத்த வருஷம் மறுபடி அடிக்க வேண்டும்.

நிரந்தரமாகச் செய்வதென்றால் பல வழி இருக்கிறது. நம் பக்கத்தில் செய்வது, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால் அடித்து, மேலே தட்டு ஓடு பதிப்பது. சுண்ணாம்புக்குக் கல்வராயன் மலைக் கடுக்காயை ஊறவைத்த தண்ணீர் விட்டால் விரிசல் விடாது. கனம் அதிகம், ஆனால் நம் தளம் தாங்கும். தெர்மோகோல் வைத்து மேலே சிமெண்ட் போடுகிறவர்களும் உண்டு. அது மலிவு. கால் பட்டால் நசுங்கும், தீப்பொறி பட்டால் உருகி எரியும். அதை எந்தக் காரணத்துக்கும் அறைக்குள் விட்டத்தில் ஒட்டிவிடாதீர்கள். அதே ஜாதியில் நசுங்காத கெட்டி அட்டை ஒன்று இருக்கிறது. தண்ணீர் குடிக்காது. ஓட்டுக்கு அடியில் வைக்கலாம். கண்ணாடி நாரும் பாறை நாரும் கம்பளி மாதிரி வரும். தகரக் கொட்டகைக்குச் சரி, மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் இறங்கினால் வீண்.

எல்லாவற்றிலும் உசத்தி நாங்கள் அடிக்கும் நுரை. இரண்டு பீப்பாயிலிருந்து இரண்டு மருந்து தனித்தனிக் குழாயில் வந்து துப்பாக்கி முனையில் சேரும். பீச்சினால் பால் பொங்குவதுபோல் பொங்கி, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறுகிவிடும். மூலை முடுக்கெல்லாம் நிறைந்து ஒரே தோலாகிவிடும். ஒட்டே தெரியாது. எங்கள் குழுவில் துப்பாக்கி பிடிப்பவன் நான்தான். பழனி குழாய் பிடிப்பான். மணலூர்பேட்டைக்காரன், ஒரே அறையில் இருக்கிறோம். நம் ஊரில் யாராவது இதைச் செய்கிறார்களா என்று விசாரியுங்கள்.

கொஞ்சம் இருமல். இங்கே மணல் காற்று. வேறொன்றுமில்லை.

அம்மாவின் காலைத் தொட்டு வணங்கும்,
வெற்றிவேல்


நைனார்பாளையம்,
27.04.2023

அன்புள்ள மகனுக்கு, இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் இருமலுக்குத் தூதுவளைப் பொடி அனுப்பலாமா என்று அம்மா கேட்கிறாள்.

வெள்ளை அடித்தோம். கீற்றும் போட்டோம். சூடு கொஞ்சம் கம்மிதான். போன வாரத்துச் சூறைக்காற்று பாதிக் கீற்றைத் தூக்கிக்கொண்டு போய் ஏரிக்கரையில் போட்டது. இப்போது பகலில் உன் அம்மாவைக் கட்டிலோடு தூக்கி மாட்டுக்கொட்டகையில் வைக்கிறோம். நானும் மாப்பிள்ளை தமிழழகனும் முன்னும் பின்னும் பிடிக்கிறோம். கொட்டகையில் ஈ அதிகம். மாடி வீட்டுக்காரி மாட்டோடு கிடக்கிறேன் என்று சிரித்தாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீ எழுதிய நுரையைப் பற்றி விசாரித்தேன். சேலத்திலிருந்து ஒரு காண்டிராக்டர் சின்னசேலம் பக்கம் கோழிப்பண்ணைகளுக்கு அடிக்கிறாராம். மாப்பிள்ளை போய்ப் பார்த்துவிட்டு வந்து கண்ணை விரித்துக்கொண்டு சொன்னான். "மாமா, மச்சான் செய்யற வேலை இன்னா வேலைன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மந்திரம் மாதிரி பொங்குது." அவன் சொன்னதை உதட்டிலிருந்தே படித்துவிட்டேன். அவ்வளவு நிதானமாகச் சொன்னான்.

அவன் விஷயமும் ஒன்று. கரியாலூருக்கு ஓட்டிக்கொண்டிருந்த வேன் மலைப் பாதையில் என்ஜின் போய் நின்றுவிட்டது. விற்றுவிட்டான். சும்மா இருப்பது அவனுக்கு ஆகவில்லை. உன் கம்பெனியில் உனக்குக் கீழே சேர்த்துக்கொள்ள முடியுமா? உன் கையில் தொழில் படிப்பான், சந்தியாவுக்கும் நிம்மதி.

சின்னசேலத்தில் ஒரு பெண் வீட்டார் உன்னைக் கேட்டிருக்கிறார்கள். எப்போது லீவு என்று எழுது.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அப்பா


மஸ்கட்,
15.06.2023

அப்பாவுக்கு, வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் புண் ஆறிவிட்டதா?

நுரை வேண்டாம் அப்பா. யோசித்துப் பார்த்தேன். வெயில் பட்டால் அது மஞ்சளாகிப் பொடிந்துவிடும். மேலே ஒரு பூச்சு அடித்து, சில வருஷத்துக்கொரு தரம் மறுபடி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நமக்கு அது ஒத்துவராது. சுண்ணாம்பு ஜல்லியும் தட்டு ஓடும் போதும். சித்தாள் கொத்தனார் நம் ஊரிலேயே கிடைப்பார்கள்.

மாப்பிள்ளைக்கு இங்கே இடமில்லை. கம்பெனியில் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வேறு வேலை பார்க்கச் சொல்லுங்கள். வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு வேலையா கிடைக்காது.

என்னை இப்போது துப்பாக்கியிலிருந்து மாற்றிக் குடோனில் போட்டிருக்கிறார்கள். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. நல்லதுதான்.

வெற்றிவேல்


நைனார்பாளையம்,
09.07.2023

வெற்றிவேலுக்கு, இங்கே உடம்புக்குக் குறைவில்லை. உன் கடிதம் கிடைத்தது. சின்னதாக இருந்தது.

எல்லாவற்றிலும் உசத்தி என்று ஏப்ரலில் எழுதியவனும் நீதான். வேண்டாம் என்று ஜூனில் எழுதியவனும் நீதான். நடுவில் என்ன மாறியது என்று எனக்குப் புரியவில்லை. துப்பாக்கி பிடிப்பவன் நான்தான் என்று நீ எழுதியிருந்ததைக் கடைத்தெருவில் நாலு பேரிடம் படித்துக் காட்டியிருக்கிறேன். இப்போது குடோன் என்கிறாய். ஏதாவது தப்பு நடந்துவிட்டதா? யாரோடாவது சண்டையா?

மாப்பிள்ளை முகம் வாடிவிட்டது. வெளியே சொல்லவில்லை. ஆள் எடுப்பது நின்றுவிட்டது என்று நீ எழுதியிருக்கிறாய். ஆனால் தியாகதுருகத்திலிருந்து போன மாதம் ஒரு பையன் உங்கள் கம்பெனிக்கே வந்திருக்கிறான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கரும்பு விஷயமாக மணலூர்பேட்டைப் பக்கம் போனவன், பழனி வீட்டுக்கும் போய்விட்டு வந்தேன். அவன் மனைவி அருள்மொழி மோர் கொடுத்தாள். உன் பேச்சு வந்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தன் மாமியாரைப் பார்த்தாள், நிறுத்திக்கொண்டாள். கிழவனுக்கு எப்படியும் கேட்காது என்று நினைத்திருப்பாள்.

சின்னசேலத்தாருக்கு என்ன பதில் சொல்வது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அம்மா கேட்கிறாள்.

அப்பா


மஸ்கட்,
22.08.2023

அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சண்டை ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன்.

நுரை வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எலியும் அணிலும் அதைக் குடைந்து கூடு கட்டும். நம் வீட்டைச் சுற்றிக் களம் இருக்கிறது, எலிக்குக் குறைவில்லை. ஓட்டுக்கு அடியில் அந்தக் கெட்டி அட்டையை வையுங்கள். அது போதும்.

மாப்பிள்ளையை இங்கே கூப்பிடச் சொல்லி இனிமேல் எழுதாதீர்கள். சின்னசேலத்தாரைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

போட்டோ பிறகு அனுப்புகிறேன். முடி வெட்டவில்லை.

வெற்றிவேல்


நைனார்பாளையம்,
14.10.2023

அன்பு மகனுக்கு, உன் அம்மா இன்று காலை முழுக்க வீட்டுக்குள்ளேயே தூங்கினாள். இந்தச் செய்தியோடு கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

நீ கோபித்துக்கொண்டாலும் சரி, மாடிக்கு நுரை அடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை தமிழழகன்தான் அடித்தான். ஆமாம், ஆகஸ்டிலேயே அந்தச் சேலத்துக் காண்டிராக்டரிடம் சேர்ந்துவிட்டான். முதலில் குழாய் பிடித்தான், இப்போது துப்பாக்கியே அவன் கையில்தான். வேலை ஒன்றில் மிச்சமான மருந்து இருக்கிறது, நம் மாடிக்கு அடித்துவிடலாம் என்று அவரே சொன்னார். அம்மாவைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, நான் மாடியில் போய் நின்றுகொண்டேன்.

நீ எழுதியது பொய்யில்லை. பால்தான். பொங்கிப் பொங்கி இறுகியது. மாப்பிள்ளை முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து நடந்து அடித்தான். நாற்று நடுகிற பெண்கள் பின்னால் நகர்வது மாதிரி இருந்தது. நீயும் அங்கே இப்படித்தான் நடப்பாய் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மேலே வெள்ளைப் பூச்சும் அடித்தார்கள். எலி வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அறைக்குள் போய் முக்காலியில் ஏறி விட்டத்தில் கை வைத்துப் பார்த்தேன். சுடவில்லை. "என் புள்ள வேலை இது. என் தலைக்கு மேல அவன் கை இருக்குது" என்று அம்மா சொன்னாளாம். சந்தியா எழுதிக் காட்டினாள்.

இனியாவது மாப்பிள்ளையோடு இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசு. அவன் உன் வழியில்தான் வந்திருக்கிறான்.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா


மஸ்கட்,
05.11.2023

அப்பாவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. உடனே சந்தியாவுக்குப் போன் செய்தேன். பேச ஆரம்பித்ததும் எனக்கு இருமல் வந்துவிட்டது, நிற்கவில்லை. அவள் பயந்து அழுதுவிட்டாள். மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள்தான் நேரில் சொல்ல வேண்டும்.

எலியும் வெயிலும் காரணமில்லை.

அந்த இரண்டு பீப்பாயில் ஒன்றில் இருக்கும் மருந்து, பீச்சும்போது கண்ணுக்குத் தெரியாத புகையாகக் காற்றில் எழும்பும். பெரிதாக வாசனைகூட இல்லை. சிலருக்கு வருஷக்கணக்கில் அது ஒன்றும் செய்வதில்லை. சிலருடைய உடம்பு ஒருநாள் அதை அடையாளம் கண்டுகொள்ளும். அதற்குப் பிறகு துளி பட்டாலும் மூச்சுக்குழாய் சுருங்கிவிடும். வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி போட்டுக்கொண்டுதான் அடிக்க வேண்டும். எங்களுக்குத் துணி முகமூடிதான் கொடுத்தார்கள். அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் மட்டும் நல்லது வெளியே வரும்.

ஏப்ரலில் உங்களுக்கு எழுதியபோது மணல் காற்று என்றுதான் நானும் நினைத்தேன். மே மாதம் மாடியிலேயே விழுந்தேன். பழனிதான் தோளில் போட்டு இறக்கினான். ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளி டாக்டர், இனி உன் வாழ்நாளில் அதன் பக்கம் போகாதே, அடுத்த தரம் ஒரு மூச்சே போதும் என்றார். குடோனில் போட்டார்கள். பீப்பாய்கள் இருப்பதும் அதே குடோனில்தான். வேலைச் சட்டையோடு பழனி அறைக்குள் வந்தால்கூட எனக்கு நெஞ்சு இறுகுகிறது. அதனால் அவன் தினமும் வெளியிலேயே குளித்து, துணி மாற்றிக்கொண்டு வருகிறான். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா கட்டிலில் கிடக்கும்போது நானும் விழுந்துவிட்டேன் என்று எப்படி எழுதுவது? இரண்டு மாதத்தில் சரியாகிவிடும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போட்டோவில் பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் அதையும் அனுப்பவில்லை.

வீட்டைப் பற்றிப் பயப்படாதீர்கள். இறுகிவிட்ட நுரை ஒன்றும் செய்யாது. அம்மா அதன் கீழே தூங்கட்டும். அது பிடிப்பது அடிக்கிறவனைத்தான்.

கைக்குட்டை எதையும் தடுக்காது. மாப்பிள்ளையை நிறுத்துங்கள் அப்பா.

வெற்றிவேல்


நைனார்பாளையம்,
03.12.2023

என் மகனே,

உன் கடிதத்தை வயலில் உட்கார்ந்து படித்தேன். வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சந்தியாவுக்குத் தெரியும்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கடிதத்தைக் கொடுத்தேன். முழுவதும் படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான். பிறகு எனக்குப் புரிய வேண்டும் என்று வாயை நன்றாகத் திறந்து சொன்னான்.

"மொதல்ல வெயில்ல பொடிஞ்சுடும்னாரு. அப்புறம் எலி கடிக்கும்னாரு. கம்பெனியில ஆள் எடுக்கலன்னாரு. இப்ப மூச்சுன்றாரு. இதுல எத மாமா நான் நம்பறது? நான் முன்னுக்கு வர்றது மச்சானுக்குப் புடிக்கல, அவ்ளோதான்."

உனக்கு இருமல் இருக்கிறதா என்று அவனைக் கேட்டேன். பனிக்காலம், ஊரே இருமுது என்றான். ராத்திரியில் அவனுக்கு நெஞ்சு கரகரக்கிறது என்று சந்தியா தனியாக எழுதிக் காட்டினாள். அவள் சொன்னாலும் கேட்கவில்லை. வீட்டில் சத்தம் போட்டிருக்கிறான். எனக்குக் கேட்கவில்லை, அவள் முகத்தில் பார்த்தேன்.

பொங்கலுக்குப் பிறகு கரியாலூரில் புதிதாகக் கட்டியிருக்கும் ஒரு லாட்ஜுக்கு நுரை அடிக்கப் போகிறார்களாம். மழை ஒழுகக் கூடாது, பனியில் அறை குளிரக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். பெரிய மாடி. நாள் கணக்காக அங்கேயே தங்கி அடிக்க வேண்டியிருக்குமாம்.

நீ வந்துவிடு. ஒன்றும் கொண்டுவர வேண்டாம். பெட்டியைக்கூட அங்கேயே போட்டுவிட்டு வா.

அப்பா


மஸ்கட்,
10.01.2024

அப்பாவுக்கு,

கம்பெனியில் விடுவித்துவிட்டார்கள். இந்த மாதக் கடைசிக்குள் வருகிறேன். விமான நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். பழனிக்குத் தெரிந்த ஒருவர் கள்ளக்குறிச்சி வரை கூட வருகிறார்.

மாப்பிள்ளை கேட்டதில் தப்பில்லை. அத்தனை காரணம் எழுதியவன் நான்தான். என் எழுத்தை அவர் நம்ப வேண்டாம். என்னைப் பார்க்கட்டும்.

அம்மாவை முன்கூட்டியே தயார் செய்துவிடுங்கள். நான் கொஞ்சம் இளைத்திருக்கிறேன்.

வெற்றிவேல்


நைனார்பாளையம்,
09.03.2024

தம்பி பழனிக்கு, வெற்றிவேலின் அப்பா கொளஞ்சியப்பன் எழுதுவது. நீ போனில் கேட்டபோது சந்தியாவால் சொல்ல முடியவில்லை. என் மகனை ஒருமுறை தோளில் போட்டு மாடியிலிருந்து இறக்கியவன் நீ. நடந்ததை முழுதாகத் தெரிந்துகொள்ள உனக்கு உரிமை இருக்கிறது.

தெருமுனையில் காரிலிருந்து இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றான். அவன் நெஞ்சில் விசில் அடிக்கிறது என்று பார்க்க வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை. முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ அரைபடுவதுபோல் அதிர்ந்தது. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் படுத்தான். அவள் வலது கையை நீட்டி அவன் தலையில் வைத்துக்கொண்டாள். ஜில்லென்று இருக்கிறதல்லவா என்று விட்டத்தைக் காட்டினாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

மாப்பிள்ளை அப்போது கரியாலூரில் இருந்தான். மச்சான் வந்திருக்கிறார் என்று சொல்லியும் மலையை விட்டு இறங்கவில்லை. கோபமோ, பார்க்கப் பயமோ. அங்கே போன் பாதி நேரம் எடுக்காது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, நாமே போகலாம் என்றான் வெற்றிவேல். உன்னால் ஆகாது என்றேன். ஒரு அட்டையில் எழுதிக் காட்டினான்: நான் கீழேயே இருப்பேன், நீங்கள் மேலே போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அப்படித்தான் போனோம். லாட்ஜுக்கு எதிரில் டீக்கடை பெஞ்சில் அவனை உட்காரவைத்துவிட்டு நான் ஏறினேன். மாப்பிள்ளை மாடியின் அந்தக் கோடியில் அடித்துக்கொண்டிருந்தான். அதே கைக்குட்டை. கையைக் காட்டிக் கூப்பிட்டேன். பாதியில் நிறுத்தினால் துப்பாக்கிக்குள் மருந்து இறுகிவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை செய்தான். பொறுத்துக்கொண்டு நின்றேன். அவன் இருமுவதைப் பார்த்தேன். தோள் குலுங்கியது, துப்பாக்கி ஆடியது. மறுபடி அடித்தான்.

கீழே வெற்றிவேல் எவ்வளவு நேரம் பார்த்தானோ தெரியாது. டீக்கடைக்காரர் பிறகு சொன்னார், "வர மாட்டேன்றாரு போல இருக்குதுங்க, நானே போறேன்" என்று எழுந்துவிட்டானாம்.

அவன் படியேறி வந்தது எனக்குத் தெரியாது தம்பி. அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்பா என்று கூப்பிட்டிருக்கிறான். மாப்பிள்ளைகூட மிஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டிருக்கிறான், நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை என்னைத் தாண்டிப் பார்த்தான். துப்பாக்கியைக் கீழே போட்டான். அப்போதுதான் திரும்பினேன். வெற்றிவேல் படிச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாய் அசைந்தது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கிறவன் நான். அதில் எந்த வார்த்தையும் இல்லை. காற்றைத்தான் தேடிக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளை ஓடிவந்து அள்ளிக்கொண்டான். நாங்கள் வந்த காரிலேயே கிளம்பினோம். மூச்சு முட்டினால் உறிஞ்ச அவன் வைத்திருந்த மருந்துக் குப்பியை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தோம். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அவன் தலை மாப்பிள்ளை தோளில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரம் ஆக்சிஜன் வைத்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் கச்சிராயபாளையத்தை நெருங்கும்போது, அவன் முதுகில் வைத்திருந்த என் கைக்கு அந்த அதிர்வு நின்றது தெரிந்தது. நல்லதாகிவிட்டது என்று ஒரு நொடி நினைத்தேன்.

மாப்பிள்ளைதான் கூட இருந்து காரியமெல்லாம் முடித்தான். கருமாதிக்கு மறுநாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். "மச்சான் மேல ஏறி வந்திருக்க வேணாம் மாமா. கீழேருந்து ஒரு ஆளை அனுப்பியிருந்தா போதும். நான் எறங்கி வந்திருப்பேன்" என்றான்.

வெற்றிவேல் அனுப்பிய ஆள் நான்தான். அதை நான் மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. சந்தியாவுக்கு அவன் வேண்டும்.

அவன் மாடி வேலையை விட்டுவிட்டான். மரவள்ளிக் கிழங்கு லாரி ஓட்டுகிறான். கள்ளக்குறிச்சியில் நெஞ்சைப் பரிசோதித்தார்கள். தொடக்கத்திலேயே நிறுத்திக்கொண்டதால் தேறலாம் என்கிறார்கள். அந்த லாட்ஜ் மாடியை அதே காண்டிராக்டர் வேறு ஆட்களை வைத்து முடித்துவிட்டாராம். திறந்தும்விட்டார்கள்.

இந்தக் கோடையில் எங்கள் வீட்டுக்குள் சூடு இல்லை. கண்ணகி சில நாள், மாட்டுக்கொட்டகையிலேயே போடுங்கள், இங்கே வேண்டாம் என்கிறாள். தூக்கிக்கொண்டு போகிறோம். வெயில் ஏறியதும் அவளே, வீட்டுக்கே போகலாம் என்கிறாள். தூக்கிக்கொண்டு வருகிறோம்.

நேற்று மணலூர்பேட்டைக்குப் போய் உன் மனைவி அருள்மொழியைப் பார்த்தேன். இந்த முறை அவள் நிறுத்திக்கொள்ளவில்லை. வெற்றிவேல் விழுந்த பிறகு துப்பாக்கியை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள், சம்பளம் கூடியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். அவள் சந்தோஷமாக எழுதவில்லை.

தம்பி, நீ பதில் எழுதும்போது எங்களைப் பற்றி விசாரிக்க வேண்டாம். ராத்திரி படுத்தால் உன் மூச்சு எப்படி இருக்கிறது என்று எழுது. அதை மட்டும் எழுது.

கொ. கொளஞ்சியப்பன்